முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள்

பள்ளிக்கூடத்து ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களே, உங்களில் ஒருத்தியின் மேல் உள்ள கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். போன வாரம் ரிக்‌ஷாவிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டே அவள் ஒரு சின்னப் பெண்ணிடம் வாய்ப்பாடு கேட்டாள். அந்தப் பிள்ளை யோசித்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "மக்கு, உனக்கெல்லாம் எங்கே நிக்கப் போகுது!" என்று சொல்லி, விடையையும் தானே சொல்லி, பையைத் தோளில் மாட்டி உள்ளே தள்ளிவிட்டாள்.

அதில் இரண்டு தப்பு இருக்கிறது. மக்கு என்று சொன்னது ஒன்று. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற தப்பு. விடையைத் தானே சொன்னது இன்னொன்று. அது பார்க்கப் பாசம் மாதிரி இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. முதல் தப்பை என் முப்பத்தெட்டு வருஷ வேலையில் ஒரு நாளும் நான் செய்ததில்லை. இரண்டாவதைச் செய்தேன். செய்து, ஒரு பிள்ளையின் படிப்பையே குழியில் தள்ளப் பார்த்தேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். இதில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்புப் பாடம் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். எல்லாம் வகுப்புக்கு வெளியே நின்று காதால் கேட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, கொஞ்சம் கர்வம் உண்டு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது பெரிய சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் இருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அந்த நாளில் பெண் பிள்ளைகளைத் தனியாகத் தெருவில் அனுப்ப மாட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்து, சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டுபோய் விட ஒரு பெண்பிள்ளை வேண்டும். அந்த வேலைக்குக் காகிதத்தில் கண்டக்டிரஸ் என்று பெயர். பிள்ளைகளுக்கு நான் ஆயா. புருஷன் போனபோது எனக்கு இருபத்துநாலு வயது. பிறந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை, நடக்கிற வேலைக்கு வந்துவிட்டேன்.

என்னோடு ஒன்பது பிள்ளைகள் வருவார்கள். கடைத்தெருவுக்குள் புகுந்து, மிளகாய் மண்டி, வெல்ல மண்டி, ஜவுளிக்கடை எல்லாம் தாண்டி, திருமணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களும் மாட்டு வண்டிகளும் இடிக்கிற சந்துகள். பிள்ளைகள் சிதறாமல் இருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நடக்கிறபோதே பாடத்தைக் கேட்பேன். வாய் வேலை செய்தால் கால் ஒழுங்காக வரும்.

அந்த ஒன்பதில் ஒன்று பாவாயி. பத்து வயது, அஞ்சாம் வகுப்பு. அவளுடைய அப்பா வெண்ணந்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். செவ்வாய்ப்பேட்டையில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அஞ்சாம் வகுப்புப் பரீட்சையில் தேறினால் மேலே படிக்கலாம். தவறினால் எருமப்பட்டியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அத்தைக்கு ஒரு மகன். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அந்தப் பிள்ளைக்கு என்னென்ன செய்தார்கள் தெரியுமா? வல்லாரையை அரைத்து விடியற்காலையில் ஊட்டினார்கள். யாரோ சொன்னார் என்று கையில் மந்திரித்த கயிறு. பின்னலை இறுக்கிப் போட்டால் புத்தி சிதறாது என்று, கண் மேலே இழுக்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னினாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரே பாடத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து கத்தச் சொல்வார். நாற்பது பேர் கத்துகிறபோது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எந்தக் கடவுளுக்குத் தெரியும்? பிறகு ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். பாவாயி எழுந்து நிற்பாள். வாய் திறக்காது. கம்பு விழும். வீங்கின கையோடு என்னிடம் வருவாள்.

வழியில் நான் கேட்டால் மட்டும் மடமடவென்று சொல்வாள். ஆறு, மலை, தாலுகா எல்லாம். அதனால் எனக்கு டீச்சர் மேல் ஆத்திரம். பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இந்த அம்மா கம்பை ஓங்கி அதை விழுங்க வைக்கிறார் என்று நினைத்தேன். மாசி மாதத்தில் ஒரு நாள், கை ரத்தம் கட்டிப் போயிருந்ததைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. நேராக வகுப்புக்குள் போய்விட்டேன்.

"டீச்சரம்மா, என்னோட வரும்போது இது எல்லாத்தையும் சொல்லுதுங்க. நீங்க கம்ப வச்சுக்கிட்டு மேல நின்னா எப்படிங்க சொல்லும்?"

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? கம்பைக் கீழே வச்சுட்டேன். எங்கே, என் எதிரிலேயே கேளு பார்ப்போம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாவாயியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். "கண்ணு, காவேரி நம்ம ஜில்லாவுக்குள்ள எந்த இடத்துல அருவியா உழுகுது? ஒகே..."

"ஒகேனக்கல்லுங்க!"

"அப்பறம் எங்க அணை கட்டியிருக்காங்க? மேட்..."

"மேட்டூருங்க!"

"ஆத்தூர்ப் பக்கம் ஓடறது? வசி..."

"வசிஷ்ட நதிங்க!"

நான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "பாதியை நீ ஊட்டுறே, மீதியை அது முழுங்குது. கிளி ஜோசியக்காரன்கூட கிளியை இதைவிட நல்லாப் பழக்குவான். போ, போய்த் தண்ணிப் பானையை ரொப்பு."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை நீ, வா, போ என்று பேசுகிறாளே, இவள் வயது என்ன, என் வயது என்ன என்றுதான் அன்று முழுவதும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவமானத்தோடு சேர்த்து எறியப்பட்ட உண்மையை யார் குனிந்து பொறுக்குவார்கள்? நான் பொறுக்கவில்லை. இப்படிச் சொல்வதால் அந்த டீச்சருக்கு நியாயம் செய்வதாக நினைக்காதீர்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தராமல், அடித்துக்கொண்டே இருந்தார். அதற்கு மன்னிப்பே கிடையாது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். பாவாயியின் அப்பா கடை முன்னால் வெண்ணந்தூர்க்காரர் ஒருவரின் வண்டி நின்றது. வாராவாரம் வருகிறவர். அந்த ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் சந்தைச் சாமான் வாங்கிப் போவார். ஒரு வீட்டுக்கு வெல்லம், ஒரு வீட்டுக்குப் பெருங்காயம், குழந்தைக்கு அரைஞாண் கயிறு, ஒரு பெண்ணுக்கு இன்ன அளவில் வளையல். நாற்பது வீடு இருக்கும். கையில் துண்டுச் சீட்டு கிடையாது. எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஒரு சாமான் மாறி நான் பார்த்ததில்லை.

நான் பாவாயியைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகள் வந்து சேருகிற வரையில் வாசலிலேயே பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"ஏனுங்கம்மா, கோவிச்சுக்கலீன்னா ஒண்ணு சொல்றேனுங்க."

"சொல்லுங்க."

"அம்மிணி ஒண்ணுமே சொல்லலீங்களே. நீங்கதான சொல்றீங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆருங்க, அந்த டீச்சர் சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"எனக்கு எந்த டீச்சருங்க தெரியும்? மாட்டத்தான் தெரியும்." அவர் சிரிக்கவில்லை. "நீங்க தலைய எடுத்துக் குடுக்கறீங்க, அது வால நீட்டுது. தலைய அதுவாத் தேடினதே இல்லீங்களே. நாளைக்கு நீங்க இல்லீன்னா?"

டீச்சர் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இவர் என்னை ஏளனம் செய்யவில்லை. அதனால் அது காதுக்குள் போயிற்று. மற்ற பிள்ளைகள் வந்து வரிசையில் நிற்கிறார்கள், நேரம் ஆகிறது. இருந்தாலும் கேட்டேன். "நாப்பது ஊட்டுச் சாமானும் நீங்க எப்படிங்க ஞாபகம் வச்சுக்கறீங்க? வழி பூரா சொல்லிக்கிட்டே வருவீங்களா?"

"சொல்லிக்கிட்டே வந்தா வாய்தானுங்க வலிக்கும். ஊரு எல்லையத் தாண்டறப்ப ஒருக்கா என்னைய நானே கேட்டுக்குவேன், ஆரு ஊட்டுக்கு என்னன்னு. அப்பறம் உட்ருவேன். பாட்டுப் பாடுவேன், மாட்டக் கண்டபடி வைவேன். மல்லூரு வந்தா இன்னொருக்கா கேட்டுக்குவேன். சந்தைக்குள்ள நொழையறப்ப இன்னொருக்கா. அவ்வளவுதானுங்க."

"மறந்துபோச்சுன்னா?"

"வண்டிய நிறுத்திப்போட்டு உக்காந்துக்குவேன். கூட வாரவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அவன வாயத் தொறக்க உடமாட்டேன். அவன் சொன்னான்னா அது அவனோட ஞாபகம். அடுத்த வாரமும் அவனத்தான் கேக்கோணும். நானாத் தேடி எடுத்தேன்னா அது என்னோடது."

"தேடியும் வரலீன்னா?"

"எந்த வாசல்ல நின்னேன், அந்தம்மா கையில மொறம் இருந்துச்சா, கொளந்த இருந்துச்சா, நாயி கொலச்சுதா, அத மொதல்ல புடிப்பேனுங்க. அதப் புடிச்சுக்கிட்டே போனா சாமான் வந்துரும். வெளையாட்டில்லீங்க, நம்பிப் பாருங்க." பாவாயியைப் பார்த்து, "என்னம்மிணி, தேடறயா?" என்றார். அவள் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குக் கற்றுக் கொடுத்த குரு என்று யாரையாவது சொல்ல வேண்டும் என்றால் மாட்டை வைகிற அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

அன்றே ஆரம்பித்தேன். ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு கேள்வி. அடுத்த முனை வருகிற வரையில் நான் வாய் திறக்க மாட்டேன். வரவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு கேள்வி. வராததைச் சாயங்காலம் திரும்புகிற வழியில் மறுபடி கேட்பேன். அப்போதும் வரவில்லை என்றால்தான் புத்தகம். வந்தது என்றால் மறுநாள் கேட்பேன், பிறகு இரண்டு நாள் விட்டுக் கேட்பேன், பிறகு அடுத்த சந்தை நாளில். ஆற்றுக்கு நடுவில் மலையைக் கேட்பேன், மலைக்கு நடுவில் கணக்கைக் கேட்பேன். வரிசையாகக் கேட்டால் பிள்ளை வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறது, பாடத்தைப் பிடிப்பதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? செய்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை கண்ணில் நீர் முட்ட உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடக்கிறபோது, நுனி நாக்கில் இருக்கிற வார்த்தையை விழுங்கிப் பாருங்கள்.

"ஆயா, மொத எழுத்து மட்டும்."

"மாட்டேன்."

"பாதி எழுத்துங்க ஆயா."

"பாதி எழுத்து எந்தப் புஸ்தகத்துல இருக்குது? நட."

"நீங்க டீச்சரவிட மோசம்."

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. பழகின விடைகள்கூட வரவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி காதில் ஓதிக் கொடுத்தாள். அவளை வரிசையின் கடைசிக்கு மாற்றினேன். நாலாம் நாள் பாவாயியின் அப்பா கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். மகள் முனையில் ஊமை மாதிரி நிற்கிறாள், நானும் ஊமை மாதிரி நிற்கிறேன்.

"என்னங்க இது? முன்ன கடகடன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. இப்ப உள்ளதும் போச்சாட்டம் இருக்குது? எருமப்பட்டிக்கு இப்பவே ஆள் அனுப்பிரட்டுங்களா?"

"பரீட்சை முடியறவரைக்கும் இருக்கறதாத்தானுங்க பேச்சு."

"பேச்சு பேச்சாவே இருக்கட்டும். நீங்க கெடுத்துப்போடாதீங்க."

அன்று என் மனம் ஆடிவிட்டது. பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பழைய வழியில் போனால் இவர் முன்னால் பிள்ளை கெட்டிக்காரியாகத் தெரிவாள், எனக்கும் நல்ல பெயர். புது வழியில் போனால் இரண்டு பேருக்கும் கெட்ட பெயர். யோசித்தபோது ஒன்று புரிந்தது. இத்தனை நாள் நான் முதல் எழுத்தைக் கொடுத்தது அவளுக்காக இல்லை. "பார், நான் கேட்டால் சொல்கிறாள்" என்று தெருவுக்குக் காட்டிக்கொள்ளத்தான். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. டீச்சர் மேல் வந்த கோபத்தைவிட அது அதிகம்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பாலத்தில் நடுப்பாதி வந்திருப்போம். வெல்ல மூட்டை ஏற்றின வண்டி ஒன்று எங்களை ஓரத்தில் நெருக்கிக்கொண்டு போனது. நான் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று பாவாயி, "கல்ராயன் மல!" என்று கத்தினாள். வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அது முந்தின நாள் சாயங்காலம் நான் கேட்டு, வராமல் விட்ட கேள்விக்கு விடை.

"எங்கிருந்து கண்ணு வந்துச்சு?"

"தெரியலீங்க ஆயா. நேத்து நீங்க கேட்டப்ப ஒரு கெழவி மொளகா காயவச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தும்மல் வந்துச்சு. அத நெனச்சேன், வந்துருச்சு."

அந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. உடனே வராது, மெதுவாக வரும். சில நாள் வராது. ஆனால் வந்தது போகவில்லை. அழுகையும் நின்றது. விடை வராதபோது முன்பெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். இப்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பரீட்சை நாள் வந்தது. அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா நேரில் வந்து பிள்ளைகளை எழுப்பிக் கேட்பார். டீச்சர்களுக்கே பயம்தான். பிள்ளைகள் தவறினால் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுக்கிற கிராண்டுப் பணமும் போகும், டீச்சர் பெயரும் போகும். என்னை வகுப்பு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க, வெளியே கூட்டிப் போக.

பாவாயியின் முறை. கணக்கு இரண்டு கேட்டார், சொல்லிவிட்டாள். பிறகு, "சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறுகள் என்னென்ன? எங்கே போகின்றன?" என்று கேட்டார்.

பாவாயி நின்றாள். நான் அறிவேன், அவளுக்குத் தெரியும். மூன்று முறை அவளாகவே சொன்ன பாடம். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மா பென்சிலை எடுத்துக்கொண்டார். பாவாயி மெதுவாகத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாவுக்குப் பின்னால் நின்ற டீச்சரும் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே ஜாடை காட்டினார், சொல்லு, சொல்லு என்று. தன் உதட்டைக் குவித்து, 'திரு' என்று சத்தமில்லாமல் எனக்குக் காட்டினார். கிளி ஜோசியம் என்று என்னைச் சிரித்த அதே வாய்!

என் உதடு அசைந்தால் போதும். பாவாயி பிடித்துக்கொள்வாள். தேறிவிடுவாள். எருமப்பட்டி கிடையாது. ஒரு எழுத்து. இத்தனைக்கும் அந்த ஆற்றைத்தான் தினம் இரண்டு தடவை கடந்து வந்திருக்கிறோம். நான் சொல்லாமல் இருந்து, அவளுக்கு வராமல் போனால் அந்தப் பாவம் என் தலையில்தான். அதையும் யோசித்தேன். இன்னொன்றையும் யோசித்தேன். இப்போது நான் கொடுத்தால் இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் ஒரு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லா வாசலிலும் நான் நிற்க முடியுமா?

தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலை விட்டு நகர்ந்து, சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அமைதியை நான் கேட்டதில்லை.

பிறகு பாவாயியின் குரல். "கொஞ்சம் இருங்க. தேடிக்கிட்டு இருக்கேனுங்க."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாவிடம் யாராவது இருங்க என்று சொல்வார்களா? டீச்சர், "ஏய்!" என்றார். "அவள் தேடட்டும்" என்றார் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா.

"சரபங்கா ஆறுங்க," என்றாள் பாவாயி. பாடத்தில் கடைசியில் வர வேண்டியதை முதலில் பிடித்துவிட்டாள். "அது ஓமலூர்ப் பக்கமா ஓடிக் காவேரியில உழுகுதுங்க. இன்னொண்ணு இருக்குதுங்க. இருங்க... அது நம்ம ஊருக்குள்ளயே வருதுங்க, பாலம் இருக்குது, நான் தெனமும் தாண்டறனுங்க... திருமணிமுத்தாறுங்க! அதுவும் காவேரிக்குத்தானுங்க போவுது."

நான் செம்பில் இருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

தேறிவிட்டாள். வகுப்பிலேயே நல்ல மதிப்பு. இன்ஸ்பெக்டிரஸ் அம்மா போன பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கத் தெரியாதா உனக்கு? பிள்ளை தவித்ததே, பார்த்துக்கொண்டு ஓடிப் போனாயே!" என்று வைதார். "ஓடலீங்க டீச்சரம்மா, தண்ணி ரொப்பப் போனேன். நீங்கதான ரொப்பச் சொல்லுவீங்க" என்றேன். பாவாயி நன்றாகச் சொன்னதற்குத் தன்னுடைய பயிற்சிதான் காரணம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், அந்தக் காலத்து அப்பாக்களை உங்களுக்குத் தெரியாது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் வழக்கம்போல அந்தக் கடை வாசலுக்குப் போய்ப் பாவாயியைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. அப்பா வந்தார். தராசுக்குப் பக்கத்தில் மூன்று நாலு பேர் பருத்திக்கொட்டைக்கு நிற்கிறார்கள்.

"பாவாயிய அனுப்பறதில்லீங்க ஆயா. படிச்ச வரைக்கும் போதும். ஆனி பொறந்ததும் எருமப்பட்டிக்குப் போறா."

"தேறிட்டாளுங்களே! தேறினா மேல படிக்க வெக்கறதாச் சொன்னீங்களே!"

"நானா? எப்பச் சொன்னேன்?" அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லீங்களே."

"என் முன்னாலதானுங்க சொன்னீங்க."

"எந்த நாளு? எந்த மாசம்? சொல்லுங்க பாப்போம்."

தையா, மாசியா? காலையிலா, சாயங்காலமா? நாற்பது வீட்டுச் சாமானை ஒரு மனிதர் எப்படி நினைவில் வைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் கேட்கிறவள், அந்த நாளைச் சொல்ல முடியாமல் நின்றேன். கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சொல்லத் தெரியலையல்ல, அப்பறம் என்னங்க?" என்று அவர் தராசுப் பக்கம் திரும்பினார்.

உள்ளே இருந்து பாவாயி வந்தாள். புது ரவிக்கை, சிலேட்டு எல்லாம் தயாராகத்தான் இருந்திருக்கிறாள். அப்பாவுக்கு எதிரில் நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"தைப்பொங்க நோம்பி முடிஞ்சு மறு செவ்வாக்கெழமைங்கப்பா. சந்தை நாளு. காலையில. அரியானூர்க்காரரு ரெண்டு மூட்டை கேட்டாரு. நிறுக்கறப்ப தராசுக் கயிறு அறுந்துபோச்சு, நீங்க அதுக்கு முடி போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஆயா வாசல்ல நின்னாங்க. 'அஞ்சாவது தேறிட்டான்னா அவ படிக்கற வரைக்கும் படிக்கட்டும், அத்த ஊட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன்'னு சொன்னீங்க. அப்ப அந்த உத்தரத்துல பல்லி கத்துச்சு. நீங்களே வாசல் நெலவுக் கட்டையில மூணு தட்டுத் தட்டி, 'பல்லியே சொல்லிருச்சு, இனி மாறாது'ன்னீங்க. அரியானூர்க்காரருதான் சிரிச்சாரு."

பருத்திக்கொட்டைக்கு நின்ற பெரியவர் ஒருவர் மேலே உத்தரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஏனப்பா, பல்லி கத்தினது நெசமா?" என்றார்.

அப்பா மகள் பக்கம் திரும்பி, "இத்தனையும் எப்படி ஞாபகம் வச்சிருக்கற நீ?" என்றார். அதட்டல் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

"தெனமும் ஒருக்கா என்னைய நானே கேட்டுக்குவேனுங்க. நீங்க மறந்துட்டாலும் நான் மறந்துரக் கூடாதுன்னு."

அவர் ஒரு பிடி பருத்திக்கொட்டையை அள்ளித் தட்டில் போட்டார், பிறகு எடுத்தார், மறுபடி போட்டார். "நேரமாவுது. கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி.

அவள் மேலே படித்தாள். எட்டு முடித்தாள், டீச்சர் டிரெயினிங்கும் முடித்தாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள். அப்பாவே பிற்காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், மகளுக்கு என்ன மூளை பார் என்று. என்னால் அப்படிச் சந்தோஷப்பட முடிந்ததில்லை. அன்று சந்துக்குள் திரும்பினதும் அவள் கையைப் பிடித்தேன். மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆற்றையும் மலையையும் மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டிய வயதில், பெற்றவர் வாயில் வந்த ஒரு சொல்லை, அவர் விழுங்கிவிடுவார் என்று தெரிந்து, நாள் தவறாமல் எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறது ஒரு பிள்ளை.